மாமா கைக்கு ஒரு கத்தி

காய்ந்த களிமண் உருண்டையைச் செய்தித்தாளில் சுற்றி, முட்டை கொண்டுவருவதுபோலப் பத்திரமாகக் கொண்டுவந்தான் இளவரசன். உருண்டையில் ஐந்து விரல்களும் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

"எங்க மாமா கைம்மா இது. அக்கா வூட்டுக்காரரு. அனந்தபுரம், தங்கராஜுன்னு பேரு. அவருக்குத்தான் கத்தி. இந்தப் புடிக்குக் கரெக்டா இருக்கணும்."

கலைச்செல்வி உருண்டையைத் திருப்பிப் பார்த்தாள். எலும்பு முறிந்தால் உள்ளே வைக்கிறார்களே டைட்டானியம் தகடு, அதைச் செய்யும் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தவள். கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தபின், வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, அதே டைட்டானியத்தில் காய்கறிக் கத்தி செய்து விற்கிறாள். துரு ஏறாது, எடை தெரியாது. கைப்பிடி கருவேலங்கட்டை. அதை வாங்குகிறவர் கை அளவுக்கு அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பாள். அதற்காகவே சென்னையிலிருந்துகூட ஆர்டர் வருகிறது.

"பெரிய கைதான். அவரே வந்திருக்கலாமே அண்ணா?"

"அவருக்குக் கூச்சம்மா. கத்தி வாங்கறது வெளிய தெரிய வாணாம்ன்றாரு."

"புரியுதுண்ணா," என்று சிரித்துக்கொண்டாள்.

இளவரசனும் சிரித்துக்கொண்டான். மாமாவுக்குக் கத்தி விஷயமே தெரியாது. 'கையில பலம் இருக்குதா பாக்கலாம், இதப் புடி மாமா' என்று சீண்டியதும், அந்த அப்பாவி ரோஷத்தோடு களிமண்ணை இறுக்கிக் கொடுத்திருந்தார்.

அப்பா கண்ணை மூடுவதற்கு முன் ரோட்டோரத்து ஒன்றரை ஏக்கரை அக்கா ஆண்டாள் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். அன்றிலிருந்து இளவரசனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவை மிரட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். குறுக்கே நிற்பது மாமா ஒருவர்தான். அவர் கொஞ்ச நாள் ஜெயிலுக்குப் போனால் நிலம் இவனுக்கு.

பத்தாம் நாள் கத்தி தயார். சூட்டில் நிறம் ஏறிய அலகு நீலமும் ஊதாவுமாக மின்னியது. இளவரசன் அதைப் பிடித்து அங்கே கிடந்த வாழைத்தண்டில் ஒரு போடு போட்டான். பாதியில் நின்றது.

"இன்னாம்மா இது, ஒரே வெட்டுல எறங்கணும். ரெண்டாவது வெட்டுன்ற பேச்சே இருக்கக் கூடாது."

"இரும்பு மாதிரி இல்லண்ணா, இதுக்குக் கூர் ஏற நாளாவும். எங்க, இன்னொரு வாட்டி புடிங்க." அவன் பிடித்தான். அவள் குனிந்து பார்த்தாள். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

வந்தான். வெட்டினான். முக்கால் தண்டு போயிற்று. மறுபடி இரண்டு நாள். அடுத்த முறை தண்டு சத்தமில்லாமல் இரண்டாக விழுந்தது. கத்தி கையில் இருப்பதே தெரியவில்லை.

"மாமா சந்தோஷப்படுவாரு," என்று வாங்கிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை, நல்ல பகல். மாமாவின் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று, பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, தன் இடது தோளில் தானே ஒரு கீறல். நான்கு தையலுக்கு மேல் போகாது. கைப்பிடியைத் துண்டால் துடைத்து வரப்பில் போட்டுவிட்டு, "மாமா வெட்டிட்டாரு, மாமா வெட்டிட்டாரு" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினான்.

மறுநாள் கலைச்செல்வியின் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. எஸ்.ஐ. வீராசாமி முன்னால் கொல்லைக்கு வந்தார். பின்னால் தோளில் கட்டோடு இளவரசன். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே தங்கராஜ். மலைபோல ஆள், அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் கத்தியே வாங்கலீங்க சார். புள்ளைங்க மேல சத்தியம்."

"அவரு கைக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது சார்," என்றான் இளவரசன். "வாங்கியாடான்னாரு, நான்தான் வாங்கியாந்து குடுத்தேன். என்னையே வெட்டுவாருன்னு கண்டனா? வேற எவன் கையிலயும் அது ஒக்காராது. இந்தம்மாவக் கேளுங்க."

கலைச்செல்வி அலமாரியிலிருந்து களிமண் உருண்டையை எடுத்துவந்தாள். தங்கராஜ் அதைப் பிடித்தார். ஐந்து விரலும் குழிக்குள் அப்படியே இறங்கின.

"இதுக்கு இன்னாய்யா சொல்ற?" என்றார் எஸ்.ஐ.

இளவரசன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்க வேண்டியிருந்தது.

"சரி, கத்தியையும் புடி." எஸ்.ஐ. பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார்.

தங்கராஜ் பிடித்தார். சுண்டுவிரல் வெளியே தொங்கியது. மற்ற விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

எஸ்.ஐ.யின் புருவம் உயர்ந்தது. "இன்னாம்மா, உருண்டை ஒரு அளவு, கத்தி ஒரு அளவு?"

கலைச்செல்வி இளவரசனைப் பார்த்தாள், சொல்லட்டுமா என்று கேட்பதுபோல. அவன் நிமிரவில்லை.

"சார், இந்த ஊர்ல எந்த ஆம்பள வந்து, எனக்குக் காய் நறுக்கக் கத்தி வேணும்னு கேட்டிருக்காரு? மச்சானுக்கு, மாமாவுக்குன்னுதான் கேப்பாங்க. வூட்டுல சமைக்கறது தெரிஞ்சா மானம் போவுதாம். இந்த அண்ணன் ஒருபடி மேல, பொய்க்கு ஒரு கையவும் தேடிக் கொண்டாந்துட்டாருன்னு நெனச்சேன். மூணு வாட்டி வந்து, ஆசையா வெட்டி வெட்டிப் பாத்தாரு. புடி பெருசா இருந்து தடுமாறுனாரு. பாக்கப் பாவமா இருந்துச்சு. அதான், வர்றப்பவெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா அவரு கைக்கே ராவிட்டேன்."

எஸ்.ஐ. கத்தியை வாங்கி இளவரசனின் வலது உள்ளங்கையில் வைத்து மூடினார். விரல்கள் அவன் பேச்சைக் கேட்காமல், ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"வெட்கப்படாதீங்கண்ணா," என்றாள் கலைச்செல்வி, "சமைக்கறது ஒண்ணும் குத்தம் இல்ல."