ஐந்தே முக்கால், என் முறை

ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் தலையணைப் பக்கம் போன் ஒலித்தது.

மணி மாலை ஐந்தே முக்கால். அது என்ன செய்தி என்று அவளுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தாள். சபையின் ஜெபக் குழுவில் என் பெயரில் ஒரு வரி வந்திருந்தது.

"அக்காவுக்காக இப்போது முழங்காலில் நிற்கிறேன்."

நானோ அவளுடைய ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் ஒரு சுளை வேறு.

நாளைக் காலை அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. கட்டி எப்படிப்பட்டது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றிருக்கிறார் டாக்டர். நாற்பது நாளாக அவளுக்காகச் சபையில் ஜெபச் சங்கிலி நடக்கிறது. ஆளுக்குக் கால் மணி நேரம், ஒருவர் முடித்ததும் அடுத்தவர். தொடங்கும்போது குழுவில் ஒரு வரி போட வேண்டும்.

அட்டவணை போட்டது நான்தான். பல் மருத்துவமனையில் முன்பதிவு மேசையில் இருப்பவள். கால் மணி நேரத்துக்கு ஒரு ஆளை நுழைப்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முதல் இரண்டு நாள் உண்மையாகவே ஜெபித்தேன். சாமான் அறையில், பஞ்சுப் பொட்டலங்களுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு.

மூன்றாம் நாள் சரியாக அந்த நேரத்துக்கு முகம் வீங்கிய ஒருவர் வந்து மேசையைத் தட்டினார். நான்காம் நாள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஐந்தாம் நாள், அந்த வரி தினமும் தானாகவே போகும்படி போனில் ஏற்பாடு செய்துவிட்டேன். நேரம் கிடைக்கும்போது மொத்தமாக ஜெபித்துக்கொள்கிறேன் என்று ஆண்டவரிடமே வாய்தா வாங்கினேன்.

நேரம் கிடைக்கவில்லை.

இந்த லட்சணத்தில், போன ஞாயிறு பெண்கள் கூட்டத்தில் எழுந்து சாட்சி வேறு சொன்னேன். எவ்வளவு வேலை இருந்தாலும் ஆண்டவருக்குத்தான் முதலிடம் என்று. போதகரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.

இன்று அக்காவைப் பார்க்க அரை நாள் விடுப்பு போட்டு வந்தேன். எல்லாம் எடுத்து வைத்தேன், பழம், துண்டு, பிளாஸ்க். போனில் செய்து வைத்த ஏற்பாட்டை நிறுத்தத்தான் மறந்துபோனேன்.

அக்கா அந்த வரியைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பஸ்ஸிலேயே போட்டுவிட்டேன், இப்போதுதான் வந்திருக்கிறது என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லவும் தைரியம் இல்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"கையைக் கொடு," என்றாள்.

பழச்சாறு ஒட்டிய என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, நேத்து சொன்னதுதான். இவ நாள் முழுக்க அந்த மேசையில எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்குறா. இடுப்பு வலின்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டா. சாயங்காலம் திரும்பும்போது பஸ்ல உட்கார ஒரு இடமாவது கிடைக்கட்டும்."

அவள் தங்குதடையில்லாமல் சொன்ன விதத்திலேயே தெரிந்தது, இது பல நாளாகச் சொல்லிவரும் ஜெபம். அவளுக்காக நான் வைத்திருந்த கால் மணி நேரத்தில் அவள்தான் எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. முண்டியடித்து ஏறுவதில் நான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

ஆமென் என்று முடித்துவிட்டாள். நாளைய அறுவை சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"உனக்குன்னு ஒண்ணுமே கேட்கலையேக்கா," என்றேன்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே," என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.