பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை

"தம்பியா? என் வயலுக்குப் பாயற தண்ணியை மறிச்ச துரோகிம்மா அவன்! ஆறு வருஷமா கேஸ் நடக்குது. அவன் மூச்சுக்காத்துகூட என்மேல படக்கூடாது!"

தஞ்சாவூர் ஆராய்ச்சிக்கூடமே அதிரக் கத்தினார் உலகநாதன். ரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்தவர். எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்குப் புது ரத்தம் எப்படி உருவாகிறது என்று ஆராயும் பூமிகா, தம்பி, தங்கை உண்டா என்றுதான் கேட்டிருந்தாள்.

"மஜ்ஜை குடுத்தது என் தங்கச்சி. அதை மட்டும் எழுதிக்கம்மா."

பூமிகா கணினியைப் பார்த்துக் குழம்பினாள். "உங்க ரத்தத்துல பத்தாயிரம் செல்லை ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்தோம் சார். மஜ்ஜை குடுத்தவங்களோட செல்தான் புது ரத்தமா ஓடும். ஆனா இது எல்லாமே வேறொரு ஆம்பளையோடது. உங்களோடது ஒண்ணுகூட இல்லை."

உலகநாதனுக்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டே பேர். வெளியே வந்து, ஆறு வருடம் கழித்துத் தம்பி திருமுருகனுக்கு போன் போட்டார்.

"எதுக்குடா குடுத்தே?"

"தங்கச்சியோடது பொருந்தலை, குடுத்தேன்," என்று எரிந்து விழுந்தான் அவன். "பாசம்னு நினைச்சு உருகிடாதே. நீ செத்துட்டா கோர்ட்டுல நான் யாரைத் தோக்கடிக்கிறது? பதினெட்டாம் தேதி வாய்தா. உடம்பைப் பார்த்துக்கிட்டு ஒழுங்கா வந்து சேரு!"