வெளி பிளாப்பிக்கு அனுமதி இல்லை

‘வெளி பிளாப்பிகளுக்கு அனுமதி இல்லை.’

சுப்பராமன் சார் வீட்டுக் கதவில் மூன்று நாளாக ஒட்டியிருந்த அந்த நோட்டீஸைப் படித்துவிட்டும் நஸ்ருன்னிசா பெல்லை அடித்தாள். பக்கத்தில் மகள் தபஸ்ஸும், கையில் ஒரு பிளாப்பியோடு.

1996. மயிலாப்பூரில் எட்டு வீடு கொண்ட அந்த ஃப்ளாட்டில் பிரிண்டரோடு கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் சார் ஒருத்தர்தான். அதற்கு நடந்த உபசாரம் தலைதீபாவளி மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. கால் அலம்பிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போகணும். பட்டுப்புடவையில் தைத்த உறை. மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு.

போன மாசம் மொட்டை மாடியில், வைரஸ் வராமல் காப்பது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் லெக்சர் வேறு அடித்தார். சுண்டல் உண்டு என்று சொல்லியிருந்ததால் யாரும் எழுந்து போகவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி சிதம்பரநாதன் மட்டும், ஒரு நாள் இவர் மெஷினுக்கே வைரஸ் வரட்டும், நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுகிறேன் என்று கறுவிக்கொண்டே இரண்டு பொட்டலம் சுண்டலைத் தின்றார்.

தபஸ்ஸும் விலங்கியல் எம்.எஸ்ஸி. கரப்பான்பூச்சியின் குடலைப் பற்றி இரண்டு வருஷமாகச் செய்த ஆராய்ச்சி முழுக்க அந்த பிளாப்பியில் இருந்தது. நாலு மணிக்குள் பிரிண்ட் எடுத்துக் காலேஜில் கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. காசு கொடுத்து அதை டைப் அடித்த கடையில் பிரிண்டர் ரிப்பேர்.

விஷயத்தைக் கேட்டதும் சாரின் முகம் செத்துப்போயிற்று. முடியாது என்றார். ஐந்து நிமிஷ வேலைதான் அங்கிள் என்று கெஞ்சி, தபஸ்ஸும் பிளாப்பியை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

நஸ்ருன்னிசாவுக்குச் சுருக்கென்றது.

"எங்க பிளாப்பின்னா கையாலகூடத் தொட மாட்டீங்களா சார்?"

ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜானு, கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். சார் கதவிலிருந்த நோட்டீஸைக் காட்டினார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "கையால எழுதி வெச்சிருக்கியா குழந்தே? குடு, நானே அடிச்சுத் தரேன்" என்றார்.

தபஸ்ஸும் ஓடிப்போய்க் கையெழுத்து நோட்டை எடுத்து வந்தாள். பதினாலு பக்கம். சாருக்கு டைப்பிங்கில் ஒரே ஒரு விரல்தான் பழக்கம்.

நானே அடிக்கிறேன் என்று தபஸ்ஸும் சொல்லிப் பார்த்தாள். அறைக்குள்ளேயே வரக் கூடாது என்றுவிட்டார். தாயும் மகளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஜானுவின் குரல் வந்தது. சஹஸ்ரநாமம் சொல்கிற அதே ராகத்தில் கரப்பான்பூச்சியின் முன்குடல், நடுக்குடல், பின்குடல். பின்குடலில் குடியிருக்கும் புழுக்களின் ஜாபிதா வந்ததும் குரல் நின்றது. ஏன்னா, இன்னிக்கு எனக்குச் சாதம் இறங்காது என்று சொல்லிவிட்டு மறுபடி படித்தாள்.

நடுநடுவே சார், "போச்சு, விழுந்துடுத்து" என்பார். பிறகு, முதல் வரியிலிருந்து படி என்பார். என்ன விழுந்தது என்று ஹாலில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

மூன்று மணிக்கு பிரிண்டர் கத்தி ஓய்ந்தது. ஜானு காபி சாப்பிட்டுப் போகச் சொன்னாள். நஸ்ருன்னிசா வேண்டாம் என்றாள். கீழே வந்து மகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினாலு பக்கம் கை வலிக்க அடிப்பாராம், பிளாப்பியைத் தொட்டால் மட்டும் ஒட்டிக்கொள்ளுமாம். பெரிய மனுஷன்.

அப்போது தோளில் பையோடு ஒரு பையன் சைக்கிளிலிருந்து இறங்கினான். பேர் கபாலி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவன்.

"சுப்பராமன் சார் ஊடு எந்த மாடிம்மா? மூணு நாளா போன் பண்ணிக்கினே கீறாரு."

எதுக்கு என்று கேட்டாள்.

"வைரஸ்மா. யார்கிட்டயோ ஜாதகம் பாக்கற பிளாப்பிய ஓசில வாங்கிப் போட்டுக்கிறாரு. அதுலேர்ந்து பூந்துடுச்சு. அடிக்கிற எழுத்தெல்லாம் ஸ்கிரீன்ல பொலபொலன்னு கீழ விழுதாம். செக்ரட்டரிக்குத் தெரிஞ்சா மானம் போயிடும், யாருக்கும் சொல்லாதன்னாரு. அதான் உங்க கைல மட்டும் சொல்றேன்."

ஊருக்கெல்லாம் வரப்போவதைச் சொல்கிற பிளாப்பி, தன் வயிற்றில் இருந்ததைச் சொல்லவில்லை.

நஸ்ருன்னிசா மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மெஷின்ல வேற பிளாப்பியப் போட்டா?"

"அதுக்கும் பூந்துடும். உள்ள கீறது மொத்தமும் காலி. யாராச்சும் பிளாப்பிய எடுத்தாந்தா உள்ள வுடாத சார்னேன். அன்னிக்கே கதவுல எழுதி ஒட்டிட்டாராம்."

முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்ட அந்த இரண்டு கைகளும் நஸ்ருன்னிசாவின் கண் முன்னால் வந்தன. சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் தேவலை என்று இருந்தது.

"வைரஸ்னு காதுல விழுந்துதே. யார் வீட்டுல?"

சிதம்பரநாதன். தரைத்தள வாசலில், கையில் சாக்பீஸோடு. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கபாலி வாயைத் திறப்பதற்குள் நஸ்ருன்னிசா முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுலதான் சார். வா தம்பி, இந்தப் பக்கம்."

காலையில் அவள் மகள் பிளாப்பியோடு அலைந்ததைச் சிதம்பரநாதன் பார்த்திருந்தார். நம்பிவிட்டார். நோட்டீஸ் போர்டில் நஸ்ருன்னிசாவின் வீட்டு நம்பரைப் பெரிதாக எழுதினார்.

கபாலி அவள் வீட்டுக்குள் போய், பையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தான்.

அங்கே இருந்தது ஒரே ஒரு மெஷின். தையல் மெஷின்.