விளிம்பம்மாவின் சூடு

ஒரு பெரிய இயந்திரத்துக்குள்ளே இரண்டு தட்டுகள் ஓயாமல் சுழன்றன. அவற்றின் ஓரத்தில் வளையமாகச் சுற்றியிருந்த விளிம்பம்மாவுக்கு எந்நேரமும் உடம்பு கொதிக்கும். சுழலும் வேகத்தில் கனமான குளிர்காற்று நடுவிலிருந்து ஓரத்துக்கு வரும். அவளிடமிருந்து சூட்டை வாங்கியதுமே அது லேசாகி, நடுவுக்கே திரும்பிவிடும்.

ஒருநாள் அவள் சூட்டைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டாள். காற்று கனம் குறையாமல் பக்கத்திலேயே கிடந்தது.

“என்ன பெரியம்மா, இன்னிக்கு ஒண்ணும் தரலையா?”

“கொடுத்தா போயிடுவியே சாமி. பேச்சுத்துணைக்குக் கொஞ்சம் இரேன்.”

காற்றும் இருந்து கதை பேசியது. உள்ளே சூடு ஏறி ஏறி அவள் உடம்பில் மெல்லிய கீறல் விழுந்தது.

“நீ வெடிச்சிட்டா நான் யாரைப் பார்க்க வருவேன் பெரியம்மா?”

விளிம்பம்மா சூட்டையெல்லாம் அள்ளிக் கொடுத்தாள். “பார்த்துப் போ சாமி” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் காற்று நடுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.