சொம்புத் தண்ணீர்

புதுக் காய்ச்சலில் இறந்துபோன மாடசாமியின் வீட்டில், கொசு ஒழிக்க வந்த இசக்கியம்மாள் தொட்டி, டிரம் எல்லாம் பார்த்துவிட்டாள். ஒரு புழுகூட இல்லை. கடைசியாக அவர் படத்தின் முன் வைத்திருந்த சொம்புக்குள் டார்ச் அடித்தாள். கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"யக்கா, இதக் கீழ கொட்டணும்."

"தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன்," என்றாள் அவர் மனைவி கோமு. "சாகும்போது தண்ணி தண்ணின்னு கேட்டாரு. இப்ப தெனமும் வந்து குடிக்காரு. கொறையக் கொறைய நான் மேல ஊத்திட்டு வாரேன். பதினாறு முடியட்டும்."

படத்து மாலைக்குள்ளிருந்து ஒரு கொசு பறந்து வந்து கோமுவின் முழங்கையில் உட்கார்ந்தது. அடிப்பதற்கு இசக்கியம்மாள் கையை ஓங்கினாள்.

கோமு அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். கொசு குடித்து முடிக்கும்வரை விடவில்லை.