அரைகுறையின் படகு

"அந்தப் பலகையையும் பிடுங்கு. உளுத்துப் போனது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

கையெல்லாம் தாராக நிமிர்ந்து பார்த்தான் அவன். பக்கத்துப் படகில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் மீசை. படகுத்துறையில் அந்த ஆளுக்கு அவன் வைத்திருந்த பெயர் அது.

"நல்லாத்தான் சார் இருக்கு. தட்டிப் பாத்துட்டேன்."

"தட்டிப் பாத்தானாம்! ஆணியால குத்திப் பாருய்யா."

குத்தினான். ஆணி சேற்றில் இறங்குவதுபோல் இறங்கியது. மீசை சிரித்தாரே ஒரு சிரிப்பு, அவன் பலகையைப் பிடுங்கி வீசினான்.

இதற்கு முன் அவன் ஒரு படகில் ஏறியதுகூடக் கிடையாது. வெளிநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த ஒருவர் போனிலேயே பேசி விற்ற பழைய மோட்டார் படகு இது. "துறைக்குப் போங்க, கரையில நாலு படகு வரிசையா நிக்கும். ரெண்டாவது நம்மளது," என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார்.

வெளிக்கதவைத் தாண்டி வந்து இரண்டாவதாக நின்றதைப் பார்த்தபோது அவனுக்கு அழுகையே வந்தது. பெயரும் நம்பரும் பெயின்டோடு சேர்ந்து உரிந்து போயிருந்தன. உள்ளே ஓர் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

ஆனாலும் பின்வாங்க முடியாது. வீட்டில் பாதி பெயின்ட் அடித்த சுவர், கதவில்லாத அலமாரி, தண்ணீர் வராத குழாய் எல்லாமே அவன் கைவண்ணம். மனைவி வீட்டார் அவனுக்கு 'அரைகுறை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், முகத்துக்கு நேரே கூப்பிடுவதும் உண்டு.

"இதையாவது முழுசா முடிச்சுக் காட்டுங்க," என்று மனைவி சொல்லியிருந்தாள். "இல்லேன்னா நான் எங்க அண்ணன் வீட்டோட போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலை." விளையாட்டுக்கு எதையும் சொல்கிறவள் இல்லை அவள்.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தான். மீசையும் தினமும் தவறாமல் வந்து உட்கார்ந்தார். பலகை இடுக்கில் பஞ்சு திணித்தால், "தலையணையா தைக்கிறே? நல்லா அடிச்சு இறக்கு" என்பார். வார்னிஷ் அடித்தால், "ஜலதோஷம் பிடிச்ச மூக்கு மாதிரி ஒழுகுது. சுரண்டிட்டு மறுபடி அடி" என்பார். அந்த மனிதருக்கு வேறு வேலையே கிடையாதா என்று துறையில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள்.

ஒரு நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், நீங்க சாஞ்சிருக்கிற படகைப் பாத்தீங்களா? ஓட்டை வழியா நாய் போயிட்டு வருது! முதல்ல அதைச் சரி பண்ணுங்க, அப்புறம் எனக்குப் புத்தி சொல்லுங்க!"

மீசை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது எக்கேடு கெட்டா எனக்கென்ன? நீ இதைப் பாரு. எஞ்சின்ல பழைய குழாயை வெச்சே மூடிட்டே. கழட்டு."

கொழுப்பு, வேறென்ன! தன்னுடையதை நாறவிட்டு, அடுத்தவன் படகில் நொட்டை சொல்கிற ஜென்மம் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே கழற்றினான். குழாய் விண்டுதான் போயிருந்தது. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒருவழியாகப் படகைத் தண்ணீரில் இறக்கும் நாள் வந்தது. மனைவி தன் அண்ணனையும் கூட்டி வந்திருந்தாள், சாட்சிக்கு. மச்சான் வெள்ளைச் சட்டையில் தார் படாமல் தள்ளி நின்று, "மூழ்கினா இழுக்கக் கயிறு இருக்கா மாப்ளே?" என்று கேட்டான்.

துறைக் காவலாளி தள்ளுவண்டியோடு வந்தார். "மூணாவதைத்தானே சார் இறக்கணும்?"

"ரெண்டாவதுங்க. இதோ, இது."

"இது மூணாவது சார். இங்க தண்ணிப் பக்கத்திலேருந்துதான் எண்ணுவோம்."

எப்படி வேண்டுமானாலும் எண்ணித் தொலையட்டும். அவன் கண் தள்ளுவண்டியின் சக்கரத்திலேயே இருந்தது.

படகு சரிந்து இறங்கி, ஆடி, நேராக நின்றது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினான். எஞ்சின் இருமியது, அடங்கியது, மறுபடி இருமிக் கப்பென்று பிடித்துக்கொண்டது.

மச்சான் வாயைத் திறந்தவன் மூடவே இல்லை. "ஏங்க, முடிச்சிட்டீங்களே!" என்று கரையிலிருந்து கத்தினாள் மனைவி. கல்யாணமான நாளாக அவள் அவனை இப்படிப் பார்த்ததில்லை.

மீசை நாற்காலியை விட்டு எழுந்து, மெதுவாகப் படகுக்கு வந்தார். இன்றைக்கு அந்த ஆள்மீதுகூட அவனுக்குக் கோபம் இல்லை. "வாங்க சார், உங்களையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்," என்று கை கொடுத்து ஏற்றினான்.

ஏறியவர் நேராக ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இருக்கைக்கு அடியில், அவன் இதுவரை கவனித்தே இராத ஒரு கொக்கியைத் தட்டி, இருக்கையைத் தன் கால் நீளத்துக்குச் சரியாகப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"பரவாயில்லை, நல்லாத்தான் முடிச்சிருக்கே," என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை! அவன் சிரித்தான்.

"இப்ப என் படகை விட்டு இறங்கு."