ராக்கெட் தோற்க வேண்டிய பரீட்சை

டீச்சர் விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்ததும் ராக்கெட் கண்ணை மூடிக்கொண்டாள்.

எப்படியாவது ஃபெயிலாகியிருக்க வேண்டும்.

ராக்கெட் என்பது, கணக்கில் மற்றவர்களைவிட ஓர் ஆண்டு முன்னால் ஓடியதால் வந்த பெயர். போன வருடம் இவள் வயதுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இவளை மட்டும் ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள்.

அதே வருடம்தான் பாடத்திட்டம் மாறியது. பத்தாம் வகுப்பில் இருந்த நிகழ்தகவு எட்டாம் வகுப்புக்கு இறங்கி வந்தது.

இவள் ஏறியபோது பாடம் இறங்கியிருக்கிறது. நடுவில் எங்கேயும் சந்தித்துக்கொள்ளவில்லை.

இந்த வருடம், இப்படி மேல்வகுப்புக்கு ஏற்றிவிடும் வேக வகுப்பே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். ராக்கெட் தரையிறங்கி, தன் வயதுக்காரர்களோடு மறுபடியும் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தாள். புதுப் புத்தகத்தில் பாதிக் கணக்கு நிகழ்தகவை நம்பி நின்றது. வகுப்பிலேயே அவள் ஒருத்திக்குத்தான் அது தெரியாது.

தெரியாது என்று சொல்லியும் பார்த்தாள். யாரும் நம்பவில்லை.

பக்கத்தில் உட்காரும் நெட்டையிடம் கேட்டபோது, "எங்களை ஓட்டறதுக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கலையாடி?" என்று சிரித்தாள்.

போன பரீட்சையில் வெற்றுத்தாளைக் கொடுத்தாள். திமிர் என்று அம்மாவை வரச்சொன்னார்கள்.

இந்த முறை வழி ஒன்றுதான் இருந்தது. ஃபெயிலானவர்களுக்கு மட்டும் எட்டாம் வகுப்பு டீச்சர் மாலையில் அந்தப் பாடத்தை முதலிலிருந்து நடத்தப்போகிறார். அதனால் எந்தக் கேள்வியையும் விடவில்லை. மனதில் பட்டதை, தன் வழக்கமான முத்து முத்தான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள்.

"நூத்துக்கு நூறு! வேற யாரு, நம்ம ராக்கெட்தான்."

கண்ணைத் திறந்தாள். தாள் அவள் முன்னால் இருந்தது. எல்லாக் கணக்குக்கும் சிவப்பு மையில் சரி.

பக்கத்தில் நெட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் தாள் முழுக்கப் பெருக்கல் குறி.

முதல் கணக்கு: இரண்டு நாணயங்களைச் சுண்டினால், இரண்டிலும் தலை விழ வாய்ப்பு எவ்வளவு?

ராக்கெட் யோசித்து எழுதியது மூன்றில் ஒன்று. இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ. மூன்றுதானே?

நெட்டை நான்கு வரி எழுதியிருந்தாள். தலை தலை. தலை பூ. பூ தலை. பூ பூ. விடை, நான்கில் ஒன்று.

ராக்கெட்டுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அந்தப் பாடத்தில் அவள் கற்ற முதல் விஷயம் அதுதான். அதன்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தது.

எழுந்தாள். "டீச்சர், இவ போட்டதுதான் சரி. நான்தான் தப்பு. எனக்கு இந்தப் பாடமே தெரியாது."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் ஒருத்தி கைகூடத் தட்டினாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி குனிந்தார்.

"சிநேகிதிக்காகப் பேசறே, நல்ல மனசும்மா. ஆனா நீயே இப்படிச் சொன்னா நான் எங்கே போவேன்? எனக்கும் இது புதுப் பாடம். உன் பேப்பரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் எல்லாருக்கும் திருத்தினேன்."

நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு ராக்கெட்டின் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். தன்னுடைய நான்கு வரிகளையும் ஒரே கோடாக அடித்தாள். அடியில் 'திருத்தம்' என்று எழுதி, மூன்றில் ஒன்று என்று பார்த்து எழுதினாள்.

மணி அடித்தது. ஃபெயிலானவர்கள் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு அறைக்குக் கிளம்பினார்கள்.

ராக்கெட் வீட்டுக்குப் போகலாம் என்றார் டீச்சர்.